பாப் ஹவுட்டன் கற்ற தொழில்

ஒரு வட்டாரத்தில் கால்பந்தை வளர்க்கவேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது பேர்பெற்ற ஓர் ஆட்டக்காரரைத்தான். பெரிதாக ஆடியவர் வந்து நின்றால் பிள்ளைகளுக்கும் ஆட்டம் வந்துவிடும் என்று ஆழமாக நம்புகிறோம். ஜவ்வாது மலை போன்ற இடங்களுக்கு இந்த நம்பிக்கையால் கேடுதான். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில், இந்திய அணிக்கு ஆடிய ஒருவர் வந்து தங்கிச் சொல்லிக்கொடுப்பார் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை பள்ளியை முடித்துப் போய்விடும். ஆடுவது ஒரு தொழில், ஆடவைப்பது வேறு தொழில்; இரண்டாவதைத் தனியாகக் கற்றால்தான் வரும். 2006 முதல் 2011 வரை இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ஆங்கிலேயர் பாப் ஹவுட்டனின் வாழ்க்கையை இதற்குச் சான்றாக வைக்கிறேன்.

1947இல் லண்டனில் பிறந்த ஹவுட்டன், ஃபுல்ஹாம் கிளப்பில் சேர்ந்தும் முதல் அணிக்காக லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சிறிய கிளப்புகளில்தான் அவர் ஆட்டம் முடிந்தது. ஆனால் இளவயதிலேயே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சியாளர் படிப்பை முடித்திருந்தார். அந்தப் படிப்பை வடிவமைத்த ஆலன் வேட், ஆட்டத்தைச் சிறு சிறு சூழ்நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யார் எங்கே நிற்பது என்று பழக்கவேண்டும் என்றவர். அந்தப் பாடத்தோடு 1974இல் ஸ்வீடனின் மால்மோ கிளப்புக்குப் போனபோது ஹவுட்டனுக்கு வயது 26. அவருடைய அணியிலேயே அவரைவிட மூத்தவர்கள் இருந்தார்கள். அப்போது ஸ்வீடனில் தடுப்பாட்டக்காரர் ஆளுக்கு ஓர் எதிராளியைப் பிடித்துக்கொண்டு அவர் போகும் இடமெல்லாம் போவார். எல்லாருக்கும் பின்னால் காவலாக ஒருவர் நிற்பார். ஹவுட்டன் இதை மாற்றினார். ஆளை விட்டு இடத்தைக் காக்கச் சொன்னார். தடுப்பாட்டக்காரர் நான்கு பேரும் ஒரே வரிசையாக முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் விடப் பழக்கினார். 1976இல் அவருடைய நண்பர் ராய் ஹாட்ஜ்சன் ஹால்ம்ஸ்டாட் கிளப்புக்கு வந்தார். கிரிஸ்டல் பேலஸின் இளையோர் பிரிவில் வளர்ந்தும் அதன் முதல் அணியில் இடம் கிடைக்காதவர் அவர். 1974 முதல் 1979 வரையிலான ஆறு ஸ்வீடன் லீக் பட்டங்களில் மூன்றை ஹவுட்டனும் இரண்டை ஹாட்ஜ்சனும் வென்றார்கள். 1979 மே மாதம் மியூனிக்கில், பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளைக் கொண்டே மால்மோ ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு வந்து, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் ஒரே ஒரு கோலில் தோற்றது. சொந்தக் கால்களால் சாதிக்காத இருவர் ஒரு நாட்டின் ஆட்டத்தையே மாற்றினார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த முறை ஆட்டக்காரரின் சொந்தச் சிந்தனையை மழுங்கடிக்கிறது என்று ஸ்வீடனிலேயே கடுமையாக எதிர்த்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வது அலுப்புத்தான். ஆனாலும் கையில் பெரிய திறமைசாலிகள் இல்லாத அணிக்கு எங்கே நிற்பது என்ற தெளிவுதான் முதல் ஆயுதம். இந்தியாவில் நடந்ததும் இதுதான். 2007 நேரு கோப்பை இறுதியில் சிரியாவை 1-0 என்று வென்று இந்தியா அந்தக் கோப்பையை முதன்முறையாக எடுத்தது; 2009 இறுதியிலும் அதே சிரியாவைப் பெனால்ட்டியில் வென்றது. 2008 ஆகஸ்டில் தில்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் நடந்த ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதியில் நடப்பு சாம்பியனான தஜிகிஸ்தானை 4-1 என்று வீழ்த்தியது. அதில் மூன்று கோல்கள் சுனில் சேத்ரியுடையவை. அந்த வெற்றியால், 1984க்குப் பிறகு முதன்முறையாக 2011 ஆசியக் கோப்பையில் இடம் கிடைத்தது. சேலஞ்ச் கோப்பை எளிய அணிகளுக்கான பின்வாசல், ஆசியக் கோப்பைக்காகத் தோஹாவுக்குப் போனதும் சாயம் வெளுத்துவிட்டது என்பார்கள். ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென் கொரியாவிடம் 1-4 என்று மூன்றிலும் தோல்வி, அதை மறைக்கவேண்டியதில்லை. ஒரு பயிற்சியாளர் தம்மிடம் வந்த இருபது முப்பது பேரைத்தான் திருத்த முடியும். அவர்கள் பத்து வயதில் யாரிடம் கற்றார்கள் என்பது அவர் கையில் இல்லை. தோஹாவில் தெரிந்த இடைவெளி அந்தப் பத்து வயதில் தொடங்கியது என்றே நினைக்கிறேன்.

நன்றாக ஆடியவர் நல்ல பயிற்சியாளர் ஆவதில்லையா என்று கேட்டால், ஆவதுண்டு. நம் சைமன் சுந்தரராஜே இருக்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர் அவர். 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோது பயிற்சியாளரும் அவரே. ஆனால் ரோமில் அவரை ஆடவைத்தவர் யார்? ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம், அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும், 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கத்துக்கும் கொண்டுபோனவர். வகுப்பில் பாடம் நடத்தத் தெரிந்தவர் மைதானத்திலும் நடத்தினார்.

ஜவ்வாது மலைப் பள்ளிகளில் இருக்கிற பி.டி. வாத்தியார்கள் இந்த வரிசையில் வரக்கூடியவர்கள்தான். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் படிப்புகளில் டி லைசென்ஸும் ஒன்று. நட்சத்திரம் ஒருவரை ஒருநாள் மலைக்கு அழைத்துவந்து மேடை போட ஆகும் பணத்தில் இரண்டு வாத்தியார்களை அந்தப் படிப்புக்கு அனுப்பிவைக்கலாம். திரும்பி வந்ததும் ஆளுக்கு இருபது பந்துகளும் வாரத்தில் நான்கு மாலைகளும் கொடுக்கவேண்டும்.