வெண்பிரம்பு வந்த வழி

விழிப்புலனற்ற ஒருவர் தெருவிலே தனியாகச் செல்லும்போது அவர் கையிலுள்ள வெண்பிரம்பை நாம் கண்டிருக்கிறோம். கண்டதும் சற்றே விலகி வழிவிடுகிறோம். மோட்டார் ஓட்டுபவரும் வேகத்தைக் குறைக்கிறார். ஆகவே, அப்பிரம்பு நமக்காகவே ஏந்தப்படுகின்றது என்று எண்ணிவிடுகிறோம். அது பாதி உண்மையே. காண்போருக்கு அது ஓர் அடையாளம். ஏந்துவோருக்கோ அது ஒரு கருவி. இவ்விரண்டனுள் எது முதன்மையானது என்ற கேள்வியிலேயே வெண்பிரம்பின் வரலாறு அடங்கியுள்ளது.

கோலூன்றி நடத்தல் மிகப் பழைய வழக்கம். ஆயினும், ஊன்றுவதற்காக அன்றி அறிவதற்காகவே கோலை ஏந்திய ஒருவரைக் காண வேண்டுமாயின், ஜேம்ஸ் ஹோல்மன் என்னும் ஆங்கிலேயரை நினைத்தல் தகும். 1786ஆம் ஆண்டு எக்செற்றர் நகரிலே பிறந்த இவர், இளமையிலேயே கடற்படையிற் சேர்ந்து லெப்டினன்ற் ஆனார். ஏறத்தாழ 25 வயதில் நோயுற்றுப் பார்வையை முற்றாக இழந்தார். வின்ஸர் கோட்டையிலே, இத்தகைய கடற்படையினர்க்கென அமைந்த விடுதியில் அவருக்கு இடமும் உதவிப்பணமும் கிடைத்தன. அங்கே அடங்கியிருந்து வழிபாட்டிற் கலந்துகொள்வதே அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது. அவரோ, உடல்நலத்தைக் காரணங்காட்டி விடுமுறை பெற்று, உலகைச் சுற்றப் புறப்பட்டுவிட்டார்!

அவர் கையிலிருந்தது இரும்புப் பூண் பொருந்திய ஒரு தடி. அதனைத் தரையிலே தட்டுவார். எழும் ஒலி எவ்வாறு திரும்புகின்றது என்று செவிமடுப்பார். சுவர் அருகிலிருந்தால் ஒருவகை ஒலி. வாயில் திறந்திருந்தால் வேறொருவகை ஒலி. வண்டியிற் செல்லும்போது உடற்பயிற்சி வேண்டின், வண்டியிலே கயிற்றைக் கட்டி, அதனைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். சைபீரியாவில் இர்க்குத்ஸ்க் நகர் வரை சென்றார். கண் தெரியாத ஒருவன் இவ்வளவு தூரம் வீணாக வருவானா என்று ஐயுற்ற ரஷ்ய அதிகாரிகள், 1824இல் அவரைக் காவலுடன் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டனர். 1827 முதல் 1832 வரை நிகழ்ந்த நெடும் பயணத்திலே நமது இலங்கைக்கும் வந்தார்; யானை வேட்டைக்குப் போனவர்களோடு தாமும் போனார். கண்ணுள்ளவரே அஞ்சும் காட்டிலே அவருக்கு என்ன வேலை என்று அக்காலத்தவர் கேட்டிருக்கக்கூடும். அவர் எழுதிய பயண நூலைச் சாள்ஸ் டார்வினும் எடுத்தாண்டிருக்கிறார் என்பதே அதற்குப் போதிய மறுமொழி.

ஹோல்மன் 1857இல் மறைந்தார். அவருடைய தடி நுட்பம் எவருக்கும் கற்பிக்கப்படாமல் அவருடனேயே போயிற்று.

பின்னர் மோட்டார் வண்டி வந்தது; தெருவின் இயல்பே மாறிற்று. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில், 1921இல் விபத்தொன்றிற் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்னும் புகைப்படக்காரர், வண்டியோட்டிகளின் கண்ணிற் படுமாறு தமது கைத்தடிக்கு வெள்ளை நிறம் பூசினார். 1930இல் அமெரிக்காவின் பியோரியா நகரில், கறுப்புத் தடியுடன் தெருவைக் கடக்க இயலாது ஒருவர் தவித்தமை கண்டு, அந்நகர லயன்ஸ் கழகத்தார் வெண்தடிகளை வழங்கினர். அதனை ஏந்துவோருக்கு வண்டிகள் வழிவிட வேண்டும் என்ற நகர விதியும் பிறந்தது. 1931இல் பாரிஸ் நகரிலே கில்லி டெர்பெமோன் என்னும் சீமாட்டி அவ்வாறே வெண்பிரம்புகளை வழங்கத் தொடங்கினார். இவர்களெல்லாம் செய்தது நற்செயலே. ஆயினும், பிரம்பு இங்கே முழுவதும் அடையாளமாகிவிட்டது. பிறர் இரங்கி நின்றால் உயிர் தப்பலாம். நில்லாவிடின் பிரம்பு என் செய்யும்?

இரண்டாம் உலகப் போரிலே கண்ணிழந்த வீரர் பலர், பென்சில்வேனியாவிலுள்ள வாலி போர்ஜ் இராணுவ வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே 1944இல் றிச்சாட் ஹூவர் என்பவர் பணிபுரிந்தார். போருக்கு முன்னர் விழிப்புலனற்றோர் பாடசாலையில் ஆசிரியராயிருந்தவர் இவர். கால் வலுவற்றவருக்குரிய குட்டைத் தடியைக் கால் வலுவுள்ள வீரருக்குக் கொடுப்பதில் என்ன பொருள் என்று அவர் எண்ணினார். தம் கண்களைக் கட்டிக்கொண்டு தாமே நடந்து பார்த்தார். நிலத்திலிருந்து மார்பெலும்பு வரை உயரமான, இலேசான பிரம்பைத் தேர்ந்தார்.

நீளம் மாத்திரம் போதாது. வீசும் முறையிலேயே உயிர் இருக்கிறது. பிரம்பைப் பிடித்த கை உடலின் நடுவே நிற்கும். மணிக்கட்டு மட்டுமே அசையும். நுனி, தோளகலத்தினும் சற்றே கூடுதலான வில் வடிவிலே இடமும் வலமும் நிலத்தைத் தொடும். இடக்கால் முன்னே போகையில் நுனி வலப்புறம் தொடும். வலக்கால் போகையில் இடப்புறம் தொடும். அடுத்த அடி வைக்கவேண்டிய இடத்தை நுனி முன்னதாகவே தொட்டுவிடுகின்றது. படியோ குழியோ இருந்தால், ஓர் அடி தூரத்திற்கு முன்னரே கைக்குச் செய்தி எட்டிவிடும். சந்தைக்குப் போய்வரவும், பேருந்து நிலையத்தைக் கண்டுபிடிக்கவும், வேலைக்குச் செல்லவும் அந்த ஓர் அடியே போதுமானதாயிற்று. ஹூவர் பின்னாளிற் கண் வைத்தியரானார். 1948 முதல் சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஹைன்ஸ் வைத்தியசாலையில், போரிலே கண்ணிழந்த றஸ்ஸல் வில்லியம்ஸ் தலைமையில் இம்முறை ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டது. ஆனால், கற்பிப்பவர் பார்வையுள்ளவராகவே இருக்கவேண்டும் என்ற விதி அமெரிக்காவிலே நெடுங்காலம் நிலவியது. இதனை விந்தை என்பதா, அநீதி என்பதா?

நடக்கும் முறை கிடைத்தும் நடக்கும் உரிமை எளிதிற் கிட்டவில்லை. தெருவில் வெட்டிய குழியிலே பார்வையற்றவர் வீழ்ந்தால், கவனமின்றி வந்தது அவர் பிழையே என்று நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டது. தாமும் பார்வையிழந்தவரான சட்டப் பேரறிஞர் ஜேக்கபஸ் டென்புறூக், 1966இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை மறுத்தார். தெரு எல்லோருக்கும் உரியது. அதனைத் தோண்டுபவன், பார்வையற்றவரும் அவ்வழியே வருவர் என்பதை எதிர்பார்த்தே தோண்டவேண்டும் என்பது அவர் வாதம். வெண்பிரம்பு பற்றிய மாதிரிச் சட்டமொன்றையும் அவர் வரைந்தார்.

நுனிக்கு எட்டாதவையும் உண்டு. தாழ்ந்த மரக்கிளை, திறந்த யன்னற் கதவு, பாரவண்டியின் பின்புறம் முதலியன முகத்தில் மோதிய பின்னரே தெரியவரும். இக்குறையை நீக்க, செவிக்குக் கேளா ஒலியலைகளை அனுப்பி, அவை திரும்புவதைக் கொண்டு தடையை உணரும் கருவிகள் எழுந்தன. டில்லித் தொழினுட்பக் கழகத்தார் உருவாக்கி 2014இல் வெளியிட்ட கருவி அவற்றுள் ஒன்று. தடை நெருங்கினால் அதன் கைப்பிடி அதிரும். ஹோல்மன் தடியைத் தட்டிச் செவியாற் கேட்ட எதிரொலியை, இப்போது இயந்திரம் கேட்டு விரலுக்குச் சொல்கின்றது. ஆயினும், அக்கைப்பிடி பொருத்தப்படுவது பழைய பிரம்பின் மேலேயே. மேலிருந்து வரும் தடையை அதிர்வு உணர்த்தும். காலடியிலுள்ள குழியை இன்றும் பிரம்பின் நுனியே உணர்த்துகின்றது.