டாங்கியில் ஒட்டிய சேறு

நம் குடியிருப்பில் யார் வீட்டு ஷோகேஸிலாவது போர் டாங்கி மாதிரி இருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சேறு அப்பியிருக்கும். துடைத்துவிடாதீர்கள், அது மெனக்கெட்டுப் பூசியது!

இவ்வகை மாதிரிகளில் உலகெங்கும் பரவிய அளவு 1/35. அது வந்த கதை வேடிக்கையானது. ஜப்பானின் ஷிசுவோக்காவில் மர வியாபாரமாகத் தொடங்கிய டாமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி அமைந்த அளவு ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு. அதுவே நிலைத்துவிட்டது.

ஒட்டி முடித்த பொம்மைக்கு ஊரும் நாளும் தருவது பெயின்ட்டும் அழுக்கும்தான். 1941-இல் ரஷ்யாவுக்குள் நுழைந்த ஜெர்மன் டாங்கிகள் அடர் சாம்பல் நிறம். 1943 பிப்ரவரி உத்தரவுக்குப் பிறகே அடிநிறம் மஞ்சளானது; அதன் மேல் பச்சையும் செம்பழுப்பும் களத்தில் அடித்துக்கொண்டார்கள். பனிக்காலத்து வெள்ளைப் பூச்சு தற்காலிகமானது. தேயத் தேய உள்நிறம் எட்டிப்பார்க்கும்.

புதியவர்கள் துருவை அள்ளிப் பூசுவார்கள். சைலன்சர் துருப்பிடிக்கும், எரிந்துபோன டாங்கியும் துருப்பிடிக்கும். மற்றபடி, பல டாங்கிகள் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. துரு ஏற நேரம் ஏது? தூசியும் எண்ணெய்க் கறையும், ஆட்கள் ஏறி இறங்கித் தேய்ந்த விளிம்பும்தான் பொருந்தும். அந்தத் தேய்மானம் உள்ளே இருந்த நான்கைந்து பேரின் காலடி.

விடுமுறையில் பிள்ளைகளோடு ஒன்று செய்தால், பெயின்ட்டைத் திறக்கும் முன் கேளுங்கள்: "இது எந்த ஊர், எந்த மாதம்?"