இரண்டு பயணச்சீட்டு, ஒரு குற்றம்

லாஸ் ஏஞ்சல்ஸில் சொகுசுக் கப்பல் ஏறி, கனடாவின் வான்கூவரில் இறங்கலாம். சட்டம் ஒன்றும் சொல்லாது. வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் விட்டியரில் இறங்கலாம்; அதற்கும் தடையில்லை. ஆனால் ஒரே ஆள், ஒரே கப்பலில், முதல் பயணம் முடிந்த கையோடு இரண்டாவதையும் போனால் அமெரிக்காவில் அது சட்டமீறல். அறைகூட மாறியிருக்காது, இரண்டு சீட்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டியிருப்பார். சுங்கத்துறைக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. ஏறியது ஓர் அமெரிக்கத் துறைமுகம், இறங்கியது இன்னோர் அமெரிக்கத் துறைமுகம், ஏற்றி வந்ததோ வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல். இது போதும். தலைக்கு 700 டாலருக்கு மேல் அபராதம். கட்ட வேண்டியது கப்பல் நிறுவனம்தான் என்றாலும், அதைப் பயணியின் கணக்கிலேயே எழுதிவிடுவது வழக்கம்.

கப்பல் பயணத்தில் ருசி கண்டவர்கள் இப்படி அடுத்தடுத்த பயணங்களைச் சேர்த்துப் பதிவு செய்வதை ‘பேக்-டு-பேக்’ என்பார்கள். ஓய்வுபெற்றவர்களுக்கு மிகவும் பிடித்த முறை. அவர்களில் பலருக்கு, தங்கள் விடுமுறையின் குறுக்கே நிற்பது நீராவிப் படகுக் காலத்துச் சட்டம் ஒன்று என்பது பதிவு நிராகரிக்கப்படும்போதுதான் தெரியவரும்.

சொந்தக் கடற்கரையைச் சொந்தக் கப்பலுக்கு ஒதுக்கி வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் அந்தக் குடியரசின் வயதை ஒட்டியது. முதல் காங்கிரஸ் 1789-ல் போட்ட ஆரம்பச் சட்டங்களில் ஒன்று கப்பல்களின் டன் வரி. அமெரிக்கர் கட்டி அமெரிக்கர் வைத்திருக்கும் கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட், அயலார் கப்பலுக்கு 50 சென்ட். கரையோர வணிகத்தில் உள்ளூர்க் கப்பல் வருடத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். அயல் கப்பல் ஒவ்வொரு துறைமுகத்தில் நுழையும்போதும் கட்ட வேண்டும். தடை என்ற சொல்லே இல்லாமல் போட்ட தடை. 1817-ல் அந்தத் தயக்கமும் போயிற்று. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றும் உரிமை முழுக்க அமெரிக்கக் கப்பல்களுக்கே என்று எழுதிவிட்டார்கள்.

பயணிகள் விஷயம் 1886 வரை காத்திருந்தது. அந்த வருடம் ஜூன் 19-ல் நிறைவேறிய சட்டத்தின் பெயரைப் படித்தால், அதற்குள் இப்படியொரு தடை இருப்பதாகவே யாருக்கும் தோன்றாது. அமெரிக்கக் கப்பல்களுக்கான சில அலுவலகக் கட்டணங்களை ஒழிப்பதுதான் தலைப்பில் முதலில் வருவது. எட்டாவது பிரிவில், போகிற போக்கில் சொன்னதுபோல் ஒரு வாக்கியம்: அயல்நாட்டுக் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றக்கூடாது, ஏற்றினால் தலைக்கு 2 டாலர் அபராதம். இன்று ‘பயணியர் கப்பல் சேவைச் சட்டம்’ என்று தனிப்பெயரோடு உலவுவது இந்த ஒரு பிரிவுதான்.

சட்டத்தில் ஓட்டை தேடியவர்களின் கதைகளில் ஆணிக் கதைக்கு ஈடில்லை. 1892-ல் 250 பீப்பாய் ஆணி நியூயார்க்கில் பெல்ஜியக் கப்பல் ஒன்றில் ஏறியது. போக வேண்டிய இடம் கலிஃபோர்னியா. கப்பல் போனதோ எதிர்த்திசையில், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்புக்கு. அங்கே ஒரு பிரிட்டிஷ் கப்பலுக்கு மாற்றப்பட்டது. பனாமா கால்வாய் வெட்டப்படாத காலம். தென் அமெரிக்காவின் அடிநுனியைச் சுற்றித்தான் ஆணிகள் கலிஃபோர்னியாவின் ரெடோண்டோவில் கரையேறின. அரசு பறிமுதல் செய்தது, வழக்கு நடந்தது, அரசு தோற்றது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்த ஒரு கப்பலும் இந்தச் சரக்கைக் கொண்டுபோகவில்லையே என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் தீர்ப்பு வரும் முன்பே, 1893-ல், காங்கிரஸ் முந்திக்கொண்டது: ‘வெளிநாட்டுத் துறைமுகம் வழியாக’ என்ற சொற்களைச் சரக்குச் சட்டத்தில் செருகி ஓட்டையை அடைத்தது.

பயணிகள் சட்டத்துக்கு அதே சொற்கள் வந்து சேர்ந்தது தங்கத்தின் காலத்தில். 1897 ஜூலை 17 அன்று போர்ட்லாண்ட் என்ற நீராவிக் கப்பல் சியாட்டில் துறைமுகத்துக்கு வந்தது. குளோண்டைக்கில் தோண்டிய தங்கத்தோடு 68 பேர் அதில் இருந்தார்கள். ஊரே பித்துப் பிடித்ததுபோல் ஆயிற்று. சியாட்டில் மேயர் பதவியை விட்டுவிட்டுத் தங்கம் தேடிப் புறப்பட்டார். குளோண்டைக் இருந்தது கனடாவில். ஆனால் அங்கே போகும் பெரும்பாலோர் அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள ஸ்காக்வே, டையா கரைகளில் இறங்கித்தான் மலையேற வேண்டும். ஒரு வருடத்துக்கான தட்டுமுட்டுச் சாமான், உணவு எல்லாம் கையோடு இருந்தால்தான் கனடா போலீஸ் எல்லையைத் தாண்ட விடும். தங்கம் எடுத்தவனைவிட மண்வெட்டியும் மாவும் விற்றவனுக்கே லாபம் நிச்சயம். அந்த வியாபாரத்துக்காக ஒரு பக்கம் சியாட்டில், மறுபக்கம் விக்டோரியாவும் வான்கூவரும் முட்டிமோதின. கனடாவிலேயே சாமான் வாங்கினால் எல்லையில் சுங்கம் மிச்சம் என்ற சாதகம் அந்த இரண்டு ஊர்களுக்கும் இருந்தது.

பரபரப்பு உச்சத்தில் இருந்த 1898 பிப்ரவரி 17-ல் சட்டம் திருத்தப்பட்டது. நேராகப் போனாலும் சரி, வெளிநாட்டுத் துறைமுகம் வழியாகப் போனாலும் சரி, குற்றம். அபராதம் 2 டாலரிலிருந்து 200 டாலர். நூறு மடங்கு! கனடியக் கப்பல் சியாட்டிலில் ஆள் ஏற்றி, விக்டோரியாவில் தலைகாட்டிவிட்டு, ஸ்காக்வேயில் இறக்கினால் பிழைக்க முடியாது. இருபத்தோராம் நூற்றாண்டின் பேக்-டு-பேக் பயணியை மாட்டவைக்கும் சொற்கள் இவைதான்.

எழுத்துப்படி பார்த்தால் உலகைச் சுற்றி வந்தாலும் குற்றம் குற்றமே. 1909 அக்டோபரில் ஹாம்பர்க் அமெரிக்கன் நிறுவனத்தின் கிளீவ்லாண்ட் என்ற ஜெர்மன் கப்பல் நியூயார்க்கில் சுமார் 650 பேரை ஏற்றிக்கொண்டு, கிழக்கே உலகத்தைச் சுற்றி, 1910 ஜனவரி முடிவில் சான் பிரான்சிஸ்கோவில் இறக்கியது. தலைக்கு 200 டாலரா? உலகத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவரை நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் ‘போக்குவரத்து’ செய்த பயணி என்று சொல்ல முடியாது என்று கருத்துரைத்தார் அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாம். நியாயமான பதில்தான். ஆனால் எவ்வளவு தூரம் சுற்றினால் அது சுற்றுலா, எதுவரை அது வெறும் போக்குவரத்து என்ற தலைவலியைத் தொடங்கிவைத்ததும் இதுதான்.

சுங்கத்துறை விதிகள் இன்று உலகத் துறைமுகங்களை அருகில் உள்ளவை, தொலைவில் உள்ளவை என்று இரண்டாகப் பிரிக்கின்றன. வட, மத்திய அமெரிக்கா, பெர்முடா, மேற்கிந்தியத் தீவுகள் எல்லாம் அருகில். மீதி உலகம் தொலைவு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பயணத்துக்கு அருகில் உள்ள துறைமுகம் ஒன்றைத் தொட்டாலே போதும். ஓர் அமெரிக்க ஊரில் ஏறி வேறோர் அமெரிக்க ஊரில் இறங்குவதானால் தொலைவில் உள்ளது ஒன்றைத் தொட்டாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கரீபியக் கடலில் கிடக்கும் அரூபா, பொனேர், குரசாவ் மூன்றும் விதிப்படி ‘தொலைவு’. ஃபுளோரிடாவில் கிளம்பி பனாமா கால்வாய் தாண்டி கலிஃபோர்னியாவில் முடியும் கப்பல்கள் அரூபாவையோ கொலம்பியாவின் கார்டஹேனாவையோ தவறாமல் எட்டிப்பார்ப்பதில், அழகுக்கு இணையாக இந்த விதிக்கும் பங்கு உண்டு.

இதே அளவுகோலை வைத்துத்தான் சேர்த்துப் போட்ட பயணங்களையும் அளக்கிறார்கள். நியூயார்க்கிலிருந்து கியூபெக், பிறகு அதே கப்பலில் கியூபெக்கிலிருந்து பாஸ்டன்: மாட்டிக்கொள்வீர்கள். ஹொனலூலுவிலிருந்து வான்கூவர், அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ்: அதுவும் அப்படியே. வான்கூவரில் தொடங்கி அலாஸ்கா போய் வான்கூவரிலேயே முடித்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் இறங்கினால் பிரச்சினை இல்லை. பயணியரைப் பொறுத்தவரை புவெர்ட்டோ ரிக்கோவுக்கு 1984-ல் விலக்கு கொடுத்துவிட்டார்கள். இடையில் கப்பலை மாற்றினாலும் தப்பிக்கலாம். 1893-ல் ஆணிகளுக்கு அடைத்த கதவு மனிதர்களுக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. இதையெல்லாம் ‘ஜோன்ஸ் சட்டம்’ என்று சொல்லி விளக்கும் பயண முகவர்கள் உண்டு. அது செனட்டர் வெஸ்லி ஜோன்ஸ் 1920-ல் கொண்டுவந்த சரக்குக் கப்பல் விதி, வேறு சட்டம்.

இத்தனை காவலும் யாருக்காக? சட்டப்படி தகுதியுள்ள கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, அமெரிக்கர் உடைமையாக, அமெரிக்கக் கொடியோடு ஓட வேண்டும். பெரிய கடற்பயணிக் கப்பல் ஒன்றை அமெரிக்கா கடைசியாகக் கட்டி முடித்தது 1958-ல். இன்றைய மிதக்கும் மாளிகைகள் இத்தாலியிலும் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஃபின்லாந்திலும் பிறந்து பஹாமாஸ், பனாமா கொடிகளில் ஓடுகின்றன. நதியிலும் கரையோரத்திலும் ஓடும் சிறு கப்பல்களை விட்டால், காப்பாற்றுவதற்கு அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை.

நிலைமையை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. ஹவாய்க்காக இரண்டு பெரிய கப்பல்கள், மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலா தளத்தில், சுமார் 110 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதத்தோடு. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலா படுத்தது. கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்த அமெரிக்கன் கிளாசிக் வாயேஜஸ் நிறுவனம் 2001 அக்டோபரில் திவாலானது. பாதி எழும்பிய கப்பல் உடலை விலைக்கு வாங்கிய நார்வீஜியன் குரூஸ் லைன், அப்போது மலேசியாவின் கெந்திங் குழுமத்தின் கையில் இருந்தது. உடல் ஜெர்மனியின் பிரமர்ஹாஃபனுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அங்கே 2004 ஜனவரிப் புயலில் தளத்திலேயே பாதி மூழ்கி, ஒருவழியாக 2005-ல் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ என்ற பெயரோடு ஹவாய்க்கு வந்தது. செனட்டர் டேனியல் இனூயேயின் முயற்சியால் 2003-ல் கிடைத்த தனி விலக்கு இல்லாவிட்டால், வெளிநாட்டில் கட்டி முடித்த அது ஹவாய்த் தீவுகளுக்கிடையே ஓடியிருக்க முடியாது. அமெரிக்கக் கொடியில் கடலோடும் ஒரே பெரிய சொகுசுக் கப்பல் இது. அதுவும் விதிவிலக்கில் பிறந்தது.

மற்றக் கப்பல்கள் ஹவாய்ப் பயணத்துக்காக வெளிநாடு தேடி அலைந்தன. கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பும் கப்பல்கள் மெக்ஸிகோவின் என்செனாடாவில் கொஞ்ச நேரம் நிற்கும். 2001 முதல் சில வருடங்கள் நார்வீஜியன் ஸ்டார், ஹொனலூலுவிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் தெற்கே போய், கிரிபாட்டி நாட்டின் ஃபேனிங் தீவைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. இந்தக் கண்துடைப்பைத் தடுக்க, வெளிநாட்டுத் துறைமுகத்தில் 48 மணி நேரமாவது நிற்க வேண்டும் என்று 2007-ல் சுங்கத்துறை ஒரு விதியை முன்மொழிந்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. விதி நடைமுறைக்கு வரவேயில்லை.

இந்த ஏற்பாட்டில் உண்மையில் கொழித்தது, 1898-ல் யாரை ஒடுக்கத் திருத்தினார்களோ அந்த விக்டோரியாதான். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்த் திரும்பும் கப்பல்கள் வழியில் ஒரு வெளிநாட்டைத் தொட வேண்டுமே! கடைசி நாள் மாலையில் வந்து நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும் கப்பல்களை நம்பி அங்கே பேருந்துகளும் கடைகளும் இயங்குகின்றன.

கொரோனா காலத்தில் 2021 பிப்ரவரியில் கனடா தன் துறைமுகங்களைச் சொகுசுக் கப்பல்களுக்கு 2022 வரை மூடியது. 2019-ல் சுமார் 13 லட்சம் கப்பல் பயணிகளைக் கண்ட அலாஸ்கா, இரண்டாவது கோடையும் பறிபோகும் நிலைக்கு வந்தது. அலாஸ்காவின் செனட்டர்கள் லிசா முர்கோவ்ஸ்கியும் டேன் சல்லிவனும், பிரதிநிதி டான் யங்கும் தற்காலிக விலக்குச் சட்டம் ஒன்றைத் தள்ளினார்கள். மே 24 அன்று ஜோ பைடன் கையெழுத்திட்டார். ஜூலை 19-ல் செரினேட் ஆஃப் த சீஸ் சியாட்டிலில் நங்கூரம் தூக்கியது. சட்டத்தின் பார்வையில் அது வெளிநாட்டுப் பயணம், கப்பலின் பாதையில் வெளிநாட்டுத் துறைமுகம் எதுவும் இல்லை. கனடாவில் நிற்காமலே அலாஸ்கா போய் வரலாம் என்று அமெரிக்கர்கள் கண்டுகொண்டுவிட்டார்களே என்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் கலக்கம். கனடா தடையை முன்கூட்டியே நீக்கியது. அமெரிக்க விலக்கும் காலாவதியானது. அதை நிரந்தரமாக்கக் கொண்டுவந்த மசோதா தேறவில்லை. 2022 ஏப்ரலில் கப்பல்கள் விக்டோரியாவுக்குத் திரும்பின. அடுத்த வருடம் 300 முறைக்கு மேல் அங்கே கப்பல்கள் வந்து நின்றன.