ஓசையின்றி வந்த ஓநாய்

வல்லவனையும் அடங்காதவனையும் ‘எம்டன்’ என்று சுட்டும் வழக்கு, பெங்களூரில் வாழும் நம் இல்லங்களிலும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. சில நிமிட முழக்கம் மொழியில் நிலைத்துவிட்டது. ஆயின், அதனினும் நெடுநாள் கடலில் உலவிய மற்றொரு கலத்திற்கு நம் நாவில் இடமில்லை. அதன் பெயர் ‘வோல்ஃப்’. ஓநாய் என்பது பொருள்.

பிறப்பால் அது போர்க்கப்பல் அன்று. இந்தியத் துறைமுகங்களோடு வணிகம் நடத்திய பிரேமன் நகரத்து ஹன்சா நிறுவனத்திற்காக 1913இல் கட்டப்பட்ட ‘வாக்ட்ஃபெல்ஸ்’ என்னும் சரக்குக் கப்பலே அது. 1916இல் ஜெர்மானியக் கடற்படை அதனை மாற்றியமைத்தது. மடக்குப் பலகைகளுக்குப் பின்னே பீரங்கிகள் மறைந்தன. சரக்கறையில் நானூற்றுக்கு மேற்பட்ட கண்ணிவெடிகள் நிறைந்தன. புகைபோக்கியையும் கொடிமரங்களையும் உயர்த்தித் தாழ்த்தி உருமாறலாம். சிறு கடல் விமானம் ஒன்றும் உடனிருந்தது. விரைந்தோட இயலாத அக்கலத்திற்கு வணிகக் கோலமே கவசமாயிற்று.

1916 நவம்பர் 30இல் கார்ல் நெர்கர் தலைமையில் கீல் துறைமுகத்தினின்று புறப்பட்ட வோல்ஃப், 1917 பிப்ரவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே கண்ணிவெடிகளை இட்டுச் சென்றது. அம்மாதம் 17இல் ‘வூஸ்டர்ஷயர்’, 21இல் ‘பெர்சியஸ்’ ஆகிய கப்பல்கள் கொழும்புக்கு அருகே மூழ்கின. ஜூன் 23இல் பம்பாய்க்கு வெளியே பயணிக் கப்பல் ‘மங்கோலியா’ வெடித்து மூழ்கியபோது, வோல்ஃப் நியூசிலாந்துப் பக்கம் சென்றுவிட்டிருந்தது. மாண்டோருள் இந்தியக் கப்பல் தொழிலாளரும் இருந்தனர். எவர் கையால் மடிந்தோம் என்பதையும் அறியாது மடிந்தவர்கள் அவர்கள்.

வழியில் 14 கலங்களை வோல்ஃப் கைப்பற்றியது. அவற்றின் நிலக்கரியையும் உணவையும் கொண்டே தன் பயணத்தை நீட்டித்தது. எத்துறைமுகத்தையும் அடையாமல் 451 நாள் கடலில் கழித்து, 1918 பிப்ரவரி 24இல் கீல் திரும்பியது. உள்ளே நானூற்றுக்கு மேற்பட்ட கைதிகள். பலரை ஊட்டக்குறை நோய் வாட்டியிருந்தது. போருக்குப்பின் பிரான்சின் உடைமையாகி, ‘அந்தினூஸ்’ என்னும் பெயரில் மீண்டும் சரக்குச் சுமந்த அக்கலம், 1931இல் இத்தாலியில் உடைக்கப்பட்டது.

சுமை தாங்கப் பிறந்த கலத்திற்குப் பகை ஏது? பகையை ஏற்றியவன் மனிதனே. எம்டன் என்று இனி நாம் சொல்லுங்கால், ஓசையின்றி வந்த இதனையும், வயிற்றுப்பாட்டிற்காகக் கடலேறி மீளாத அத்தொழிலாளரையும் எண்ணிப் பார்ப்போமாக. பிழைப்புத் தேடி ஊர் கடந்து வந்த நமக்கு அவர்கள் அயலார் அல்லர்.