கட்டியக்காரன் வந்த வழி

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். மற்ற கார்களில் இன்ஜினுக்கு மேலுள்ள மூடி மட்டும்தான் எழும்பும். ஹெரால்டில் இரு பக்கக் கொக்கிகளையும் விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்து முன்பாதி மொத்தமும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். இன்ஜினும் கார்புரேட்டரும் முன்சக்கரங்களும் திறந்த வெளியில் நிற்கும். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் முன்பக்க டயர்மேல் ஏறி உட்கார்ந்து, கால்களை இன்ஜினை ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்பேனர் பிடிக்கிறாள். திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதுபோல அவ்வளவு வசதி.

கார் 1966 மாடல், இரண்டு கதவு. தாம்பரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கிறது. மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் அதற்குச் செலவழிப்பதில்லை என்று வீட்டில் ஒப்பந்தம். அந்தப் பணத்தில் வேலை நகர்கிறதென்றால் அதற்குக் காரணம் இந்தக் காரின் உடம்பு. அது வெல்டு வைத்து ஒன்றாக்கிய கூடு அல்ல. துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுக் கோத்தது. துருப்பிடித்த பாகத்தை அறுத்தெடுக்க வேண்டாம், கழற்றினால் போதும்.

“இதை மட்டும் ஏம்பா இப்படி பிளாக்ஸ் மாதிரி பண்ணியிருக்காங்க?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். பதில் சொல்ல நான் பட்டு ரிப்பனிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் நடுவில் கவென்ட்ரி என்று ஒரு நகரம். அங்கே வீட்டுக்கு வீடு பட்டு ரிப்பன் நெய்தார்கள். கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம் செய்தார்கள். 1860இல் பிரான்சோடு போட்ட வணிக ஒப்பந்தத்தில் பிரெஞ்சுப் பட்டுக்கான வரி போனது. ரிப்பன் தொழில் படுத்துவிட்டது. நுட்பமான வேலை தெரிந்த கைகள் சும்மா இருந்தன. அங்கே தையல் மெஷின் கம்பெனி ஒன்று எழுந்தது. அந்தக் கம்பெனிக்குப் பாரிஸில் ஒரு விற்பனையாளர் இருந்தார், பெயர் ரௌலி டர்னர். அவர் 1868இல் ஊர் திரும்பும்போது பாரிஸில் புதிதாகப் பிரபலமாகிக்கொண்டிருந்த மிதிவண்டி ஒன்றைக் கூடவே கொண்டுவந்தார். பிரான்சில் விற்க நம் பட்டறையிலேயே இதைச் செய்யலாமே என்பது யோசனை. செய்தார்கள். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு பாரிஸ் சந்தை அடைபட்டது. செய்த வண்டிகளை உள்ளூரிலேயே விற்க வேண்டியதாயிற்று. கவென்ட்ரி உலகத்தின் சைக்கிள் தலைநகரானது இப்படித்தான்.

சைக்கிள் இருக்கும் இடத்துக்கு வியாபாரிகள் வராமல் இருப்பார்களா? ஜெர்மனியின் நியூரம்பர்க்கிலிருந்து வந்த சீக்ஃபிரீட் பெட்மன் என்ற இளைஞர் தையல் மெஷின் விற்பனையில் தொடங்கி, பிறர் செய்த சைக்கிள்களைத் தன் பெயரில் விற்றார். ஐரோப்பாவில் எந்த மொழிக்காரருக்கும் புரியும் பெயராக இருக்கட்டும் என்று 1886இல் ‘டிரயம்ப்’ என்று வைத்தார். பிறகு கவென்ட்ரியில் சொந்தப் பட்டறை, 1902இல் மோட்டார் சைக்கிள், 1923இல் கார். அதே ஊரில் 1903இல் ரெஜினால்டு மாட்ஸ்லே என்பவர் ‘ஸ்டாண்டர்ட்’ கம்பெனியைத் தொடங்கியிருந்தார். இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு ஒன்று உண்டு. 1912இல் ஸ்டாண்டர்டின் பங்குகளை வாங்கியவர்களில் ஒருவர் இந்த பெட்மன்தான். அடுத்த ஆண்டு அவர் கவென்ட்ரி மேயரும் ஆனார். முதல் உலகப்போர் வந்தது. பிறப்பால் ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்தால் அவரிடமிருந்து பதவிகள் போயின. அவர் உருவாக்கிய டிரயம்பின் கார் தொழில் 1939இல் நொடித்தது. 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் கவென்ட்ரியைத் தரைமட்டமாக்கியபோது தொழிற்சாலையும் போனது. எஞ்சியிருந்த பெயரை 1944இல் வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்டாண்டர்ட்!

இனி, என் மகளின் கேள்விக்கு நேரான பதில். 1950களில் ஸ்டாண்டர்ட் கம்பெனி தன் சிறிய கார்களுக்கு உடம்பைச் சொந்தமாகச் செய்யவில்லை. ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி செய்து கொடுத்தது. 1953இல் அந்தக் கம்பெனியைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கியது. வரப்போகும் புதிய காருக்கு உடம்பு செய்து தர முடியாது என்று கைவிரித்தார்கள். முழு உடம்பை ஒரே இடத்தில் அச்சடித்துத் தரும் வசதியுள்ள வேறு ஆலை ஸ்டாண்டர்டுக்குக் கிடைக்கவில்லை. சின்னச் சின்ன ஆலைகள்தான் இருந்தன. உலகமே தனிச் சேசிஸை விட்டு ஒற்றைக் கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பின்னால் போனார். அடியில் தனிச் சேசிஸ். அதன்மேல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி, கூரை என்று பிரித்துச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் உடம்பு. ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு ஆலை செய்யட்டும், கவென்ட்ரியில் கோத்துக்கொள்ளலாம். வேறு வழியில்லாமல் பிறந்த அமைப்பு இது. அன்று அவர்கள் கைவிரிக்காமல் இருந்திருந்தால் இன்று தாம்பரத்தில் ஒரு சிறுமி வெறும் ஸ்பேனரால் ஒரு காரைப் பிரித்துப் போட்டிருக்க முடியாது.

உடம்பு செய்ய ஆள் கிடைத்தாலும் அழகு வரவில்லை. சொந்த ஊர் வடிவமைப்பாளர்கள் வரைந்ததெல்லாம் மந்தமாக இருந்தன. உதவி கெய்ரோ வழியாக வந்தது. எகிப்தில் கார் தயாரிக்கும் கனவோடு ரேமண்ட் ஃபிளவர் என்ற ஆங்கிலேயர் ஸ்டாண்டர்டிடம் பாகங்கள் கேட்டு வந்தார். குறைந்த செலவில், சில மாதங்களில் மாதிரிக் கார் செய்து காட்டுகிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சொன்னபடி கார் வந்தபோது கவென்ட்ரிக்காரர்கள் அசந்துபோய், யார் கைவேலை என்று துருவினார்கள். டூரின் நகரத்து ஜொவானி மிக்கெலோட்டி. வெப்ஸ்டர் இத்தாலிக்கே போய் உட்கார, மிக்கெலோட்டி சில நிமிடங்களில் ஹெரால்டின் கோட்டோவியத்தை வரைந்து கொடுத்ததாகச் சொல்வார்கள். பின்பக்கத்தின் கூர்மையான அந்தத் துடுப்பும் மெல்லிய கூரைத் தூண்களும் அவர் கை.

பெயர் வைப்பதில் ஒரு சிக்கல். மாட்ஸ்லே காலத்தில் ‘ஸ்டாண்டர்ட்’ என்றால் தரம் என்று பொருள். 1950களில் அந்தச் சொல் தேய்ந்து, ‘டீலக்ஸ்’ அல்லாத சாதாரண ரகம் என்ற அர்த்தத்துக்கு வந்துவிட்டது. அதனால் புதிய காரை பெட்மனின் பழைய பெயரில் ‘டிரயம்ப் ஹெரால்டு’ என்று இறக்கினார்கள். ஹெரால்டு என்றால் அரசன் வருமுன் வந்து அறிவிப்பவன். நம் தெருக்கூத்தில் வரும் கட்டியக்காரன். அறிமுகமும் கூத்து போலவே நடந்தது. 1959 ஏப்ரலில், லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹால் மேடையில் மெக்கானிக்குகள் ஏறி, பார்வையாளர்கள் கண்முன்னே சில நிமிடங்களில் ஒரு காரைத் துண்டு துண்டாகக் கோத்து நிறுத்தினார்கள்.

போல்ட் போட்ட உடம்பு வியாபாரத்துக்கும் தோதாக அமைந்தது. பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றினால் போன இடத்தில் கோத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா, மால்டா, பெரு என்று போன பெட்டிகளில் சில சென்னைக்கும் வந்தன. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூருக்கு அருகே தொழிற்சாலை வைத்து வேன்கார்டு காரில் ஆரம்பித்தது. வெறுமனே கோத்து விற்பது போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953இல் மத்திய அரசு முடிவெடுத்ததும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட் என்று மூன்று கார்களின் காலம் தொடங்கியது. 1961இல் ஹெரால்டு வண்டலூரில் இறங்கியது, ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில். இங்கே அந்தச் சொல்லுக்கு மதிப்பு குறையவே இல்லை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயர் 1963இல் மறைந்தது. சென்னையில் அது மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது.

25 அடி வட்டத்துக்குள் ஒரே வெட்டில் திரும்பிவிடும் இந்தக் கார். லண்டன் டாக்சியின் கணக்கும் அதேதான். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளுக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

இந்தச் சமயத்தில் ஹெரால்டின் உறுப்புகள் தனித்தனியாகவும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டன. சேசிஸின் நீளத்தைக் குறைத்து மிக்கெலோட்டி ஒரு திறந்த ஸ்போர்ட்ஸ் காரை வடிவமைத்திருந்தார்; கையில் காசில்லாததால் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். 1961இல் கம்பெனியை வாங்கிய லேலண்டு ஆட்கள் தொழிற்சாலை மூலையில் துணி போர்த்தியிருந்த அதைத் தற்செயலாகக் கண்டெடுத்தார்கள். ஸ்பிட்ஃபயர் பிறந்தது, 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன், ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டைத் தன் லோட்டஸ் செவனிலும் பந்தயக் கார்களிலும் பொருத்திக்கொண்டார். ஹெரால்டு 1200இன் இன்ஜின், நீரிலும் நிலத்திலும் ஓடும் ஜெர்மன் ஆம்பிகாரின் முதுகில் ஏறியது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் டெக்சாஸ் பண்ணையில் அப்படி ஒன்றை வைத்திருந்தார். பிரேக் போய்விட்டது என்று கூவிக்கொண்டே விருந்தினரோடு ஏரிக்குள் இறக்குவாராம்.

இந்த ஊர்சுற்றல்தான் இன்று எங்கள் பட்ஜெட்டைக் காப்பாற்றுகிறது. ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் உலகெங்கும் இருப்பதால், அதற்கும் ஹெரால்டுக்கும் பொதுவான பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். கிடைக்காதது புதுப்பேட்டையில் பழசாகக் கிடைக்கிறது. அங்கும் இல்லாவிட்டால் லேத் பட்டறை.

சாப்மன் எடுத்துக்கொண்ட அந்தத் தண்டு எங்களைச் சோதித்தது. அதன் கீழ்நுனியில் மரை. அது ‘டிரனியன்’ என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி இறங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் மரைதான் திரும்பும். பீரங்கிக் குழலின் இருபுறமும் காதுபோல் நீட்டி அதைத் தாங்கும் கட்டைக்கு வைத்த பெயர்தான் டிரனியன். காருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் காரில் கழற்றியபோது காய்ந்த மெழுகுபோலக் கறுத்த கிரீஸ் வந்தது. அடியில் மரை துருவேறித் தேய்ந்திருந்தது. முன்பு சர்வீஸ் செய்த யாரோ வருடக்கணக்காகக் கிரீஸ் அடைத்திருக்கிறார்கள். வண்டலூர் தொழிற்சாலையில் எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வந்து பார்த்துவிட்டு என் மகளிடம்தான் பேசினார்.

“இதுக்கு கிரீஸ் வைக்கக்கூடாது கண்ணு. தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் ஊத்தணும். ஆயில்தான் மரைக்குள்ள ஏறும். காய்ஞ்சுபோனா தண்டு முறியும், சக்கரம் படுத்துக்கும்.”

“எத்தனை மாசத்துக்கு ஒருதடவை தாத்தா?”

“அடிக்கடி ஊத்து. ஊத்தினா கெட்டுப்போகாது.”

நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டு தண்டுகளுக்கும் டிரனியன்களுக்கும் மூன்று மாதப் பணம் போனது. உயிர் காக்கும் பாகத்தில் மட்டும் பழசு வாங்குவதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சீட்டுத் துணியும் கார்ப்பெட்டும் காத்திருக்கட்டும்.

வண்டலூரின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள் அவளே: “இங்கிலாந்துல நிறுத்தின அப்புறமும் நாம செஞ்சோம்.” உண்மை. அங்கே 1961லேயே 1,147 சிசி இன்ஜினுக்கு மாறியும் இங்கே 948 சிசியே தொடர்ந்தது. ஆனால் அங்கே விற்பனைக்கு வராத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் 1960களின் கடைசியில் வந்தது. 1971இல் கவென்ட்ரி ஹெரால்டை நிறுத்திய பிறகு, அதே உடம்பை மாற்றியமைத்து இங்கே ‘கெசல்’ என்ற பெயரில் 1977 வரை செய்தார்கள். எண்பதுகளில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்து, விலைக்கேற்ற வரவேற்பில்லாமல் நின்றது. தொழிற்சாலையும் மூடியது.

50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பாதுகாக்க 2021இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. ‘விண்டேஜ்’ வண்டியாகப் பதிவுசெய்ய 20,000 ரூபாய். பழைய பதிவு எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது; கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு என்றால் எடுக்கலாம். அந்தப் பதிவுக் கட்டணம் எங்களுக்கு ஐந்து மாதப் பணம். அதற்கென்று என் மகள் தனி உண்டியல் வைத்திருக்கிறாள்.

போன மாதம் துருவெடுத்துப் பெயின்ட் அடித்த சேசிஸ்மேல் நடு உடம்பைத் திரும்ப ஏற்றினோம். தெருவில் ஆறு பேர் தூக்கினார்கள். பிரிக்கும்போது உடம்புக்கும் சேசிஸுக்கும் நடுவே போல்ட்டுகளில் மெல்லிய தகடுகள் இருந்தன. கதவு இடைவெளி சரியாக வருவதற்காகக் கொடுக்கும் ஷிம்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் ஒவ்வொரு எண்ணிக்கை. என் மகள் அத்தனையையும் எண்ணிப் படம் போட்டு வைத்திருந்தாள். ஏதோ அளவு தவறிப் போட்டிருக்கிறார்கள், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வைத்துவிடலாம் என்றேன். வைத்தோம். டிரைவர் பக்கக் கதவு பூட்டில் இடித்தது.

பெரியவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். “ஒரு வண்டி மாதிரி இன்னொண்ணு வராது. கோக்கறவன் கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்துத்தான் வைப்பான். அவன் வச்சதையே வை.”

மறுபடி ஜாக்கி போட்டுத் தூக்கினோம். இடது முன் மூன்று, வலது முன் இரண்டு, கதவுத் தூணுக்கடியில் நான்கு என்று அவள் படித்துக்கொண்டே வைத்தாள். போல்ட்டுகளை முறுக்கிவிட்டுக் கதவை ஒரு விரலால் தள்ளினாள். சாத்திக்கொண்டது.