முடிச்சூர்ப் பிள்ளைகளுக்கு உலக வரலாறு

2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல் முதல் உலகப்போரில் தொடங்குகிறது. அதையடுத்த மூன்று பாடங்களும் உலக வரலாறே: இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம், இரண்டாம் உலகப்போர், அதற்குப் பிந்தைய உலகம். பள்ளி திறந்த கையோடு, சரயேவோ எந்தத் திசையில் இருக்கிறதென்று அறியாத பிள்ளைக்கு ஆஸ்திரிய இளவரசர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணங்களையும் விளைவுகளையும் எண்ணிட்டுக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் தேர்வுக்குப் போதும். ஒரு போர் ஏன் மூள்கிறது என்று பிள்ளை தானே யோசிப்பதற்கு அது போதாது.

முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் இப்பாடத்தை நடத்துவோருக்கு ஓர் அரிய வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. தண்டவாளத்தைக் கடந்தால் கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. ஜார்ஜ் டவுனிலிருந்து 1937-இல் அது இங்கே வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அதன் வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து 470 பேரளவில் வந்திருந்தனர். உண்மையில் அம்மாநாடு சீனாவின் ஹாங்சௌ நகரில் நடப்பதாக இருந்தது. 1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின்மீது முழுப் போர் தொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹாங்சௌ ஜப்பானியர் வசமாயிற்று. மாநாடு தாம்பரத்துக்கு மாறியது. கிழக்காசியப் போரின் விளைவு ஒன்று நம் ரயில் நிலையத்துக்கு எதிரே வந்து இறங்கியிருக்கிறது.

மாநாடு நடந்த 1938 டிசம்பர் என்னும் இந்த ஒரு மாதத்தை வைத்து மூன்று பாடவேளைகள் நடத்தலாம். முதலில் காலக்கோடு. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொள்கிறார். செப்டம்பரில் மியூனிக் உடன்பாடு. நவம்பர் 9 இரவு ஜெர்மனியெங்கும் யூதர்களின் வழிபாட்டுக்கூடங்கள் எரிகின்றன. டிசம்பரில், போரிட்டுக்கொண்டிருந்த சீனரும் ஜப்பானியரும் தாம்பரத்தில் ஒரே மாநாட்டில் அமர்ந்திருக்கிறார்கள். ஜப்பானியருள் ஒருவரான தொயோஹிகோ ககாவா, தம் நாடு செய்த கொடுமைக்காகச் சீனரிடம் மன்னிப்புக் கோரியதற்கு 1940-இல் சிறைப்பட்டார். ஆக்கிரமித்த நாட்டுக்குள்ளேயே இப்படியும் ஒரு மனிதர் இருந்தார் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நேச நாடுகள், அச்சு நாடுகள் என்று இரு பத்தியாகப் பிரித்து எழுதும் அட்டவணையில் அவருக்கு இடமில்லை.

அடுத்து ஆல்பர்ட் லுதூலி. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கரும்பு விளையும் குரூட்வில் என்னும் ஊரின் தலைவராக இருந்தவர், அம்மாநாட்டுக்காகத் தாம்பரம் வந்தார். அதே நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் 1860-இல் ‘துரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. லுதூலி 1952-இல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் தலைவரானார்; 1960-க்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நிறவெறி எதிர்ப்பு, காலனிய முடிவு ஆகியவற்றை நடத்தும்போது, அவர் வந்து போன வளாகத்தைச் சுட்டிக்காட்டிச் சொல்ல முடிகிற ஆசிரியர் கொடுத்துவைத்தவர்.

மூன்றாவது பாடவேளை விவாதத்துக்கு. மாநாட்டையொட்டி இந்தியா வந்தவர்களுள் சிலர் காந்தியடிகளைச் சந்தித்து, ஹிட்லர் போன்றோர் முன்னால் அகிம்சை செல்லுபடியாகுமா என்று வினவினர். இக்கேள்விக்கு வழிகாட்டி நூலில் விடை இல்லை. வகுப்பே வாதாடட்டும்.

மத மாநாட்டைப் பொதுப் பள்ளியில் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பேசலாம். மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளுக்கு இருந்த கடுமையான மறுப்பையும் சேர்த்தே பேச வேண்டும். நாம் கற்பிப்பது சமயத்தையன்று, ஒரு காலத்தை.

முதல் உலகப்போருக்கு எம்டன் கதையை எல்லாரும் சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கலங்களை அந்த ஜெர்மன் கப்பல் குண்டுவீசி எரித்தது. உயர்நீதிமன்றச் சுவரில் நினைவுக் கல் இருக்கிறது. விடுதலைப் போராளி செண்பகராமன் அக்கப்பலில் வந்தார் என்ற கதையும் ஊரெங்கும் வழங்குகிறது. அதற்கு ஆதாரம் என்ன, யார் எழுதிவைத்தார், எப்போது எழுதினார் என்று மாணவரையே தேடச் செய்யலாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் ஆவணக் காப்பகம் எட்டும் தூரம்தான்.

1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் ஜப்பானியக் குண்டுகளுக்கு இலக்காயின. சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டியது. அதே ஆண்டு பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் நடந்தே வந்தனர். வழியில் இறந்தோர் பல்லாயிரவர். சயாம் – பர்மா ரயில் பாதையில் மலேயாத் தோட்டத் தமிழர் மாண்டனர். பாடநூலின் போர் வரைபடத்தில் அம்புக்குறியாக நகர்பவை படைகள் மட்டுமே. நடந்து வந்தவர்களின் வழியையும் பிள்ளைகள் அதில் வரையட்டும்.

ஒன்றில் கவனம் வேண்டும். எல்லாவற்றையும் நம் ஊரோடு கட்டிப்போடக் கூடாது. நான்ஜிங்கில் கொல்லப்பட்டவர்களுக்கும் அவுஷ்விட்சில் அழிக்கப்பட்டவர்களுக்கும் முடிச்சூரோடு ஒட்டோ உறவோ தேட வேண்டியதில்லை. நமக்குத் தொடர்பில்லாதவரின் துயரமும் நாம் அறிய வேண்டியதே என்பதைப் பிள்ளை உணரும்போதுதான் பாடம் முழுமையடைகிறது. ஊர்ச் செய்தி தொடக்கத்துக்கு. அங்கேயே நின்றுவிட்டால் அது ஊர்ப்பெருமையாகச் சுருங்கிவிடும்.

பொதுத் தேர்வு நெருக்கடி ஆசிரியர் எல்லாரும் அறிந்ததே. ஆனால் காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு நாள் ஒதுக்க இயலும். நந்தம்பாக்கத்தில் மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம். முதல் போரில் இறந்து இந்தியாவின் வேறிடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இறந்தவர் வயதையும் படைப்பிரிவையும் கல்லிலிருந்து மாணவர் தாமே படித்துக் குறிக்கட்டும். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் தலைமையாசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் அதற்கு ஒரு பேருந்தை ஏற்பாடு செய்து தர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.