இடுப்பெலும்பு முறிவும் முதியோர் மீட்சியின் அளவுகோல்களும்

தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்த முதியவர், எலும்பு கூடும்வரை மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்து, படுக்கைப் புண்ணாலும் நிமோனியாவாலும் இறப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர் ஸ்மித்-பீட்டர்சன் முப்பட்டை ஆணியால் முறிவை இணைக்கும் முறையை 1931இல் வெளியிட்ட பின், நோயாளியை விரைவில் எழுப்பி உட்காரவைக்க முடிந்தது. ஆயினும் ஒரே வயதும் ஒரே முறிவும் கொண்ட இருவரில் ஒருவர் நடந்து வீடு திரும்ப, மற்றவர் படுக்கையிலேயே தங்கிவிடுவது ஏன் என்பதற்கு எலும்பின் எக்ஸ்ரே படம் விடை தரவில்லை. அமெரிக்க மயக்கவியலாளர்கள் 1941இல் வகுத்த தரவரிசையும், அறுவைக்கு வருபவரின் உடலை நோயின் கடுமையைக் கொண்டே மதிப்பிட்டது.

விடை தேடும் திசையை மாற்றியது கிளீவ்லாந்து நகரின் பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனை. அங்கே சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், இடுப்பெலும்பு முறிந்த முதியோர் அன்றாடம் எதை யார் துணையுமின்றிச் செய்கிறார்கள் என்று உற்றுநோக்கிப் பதிந்துவந்தனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களைக் கொண்டு அவர்கள் அமைத்த அளவுகோல் 1963இல் முழு வடிவில் வெளியானது. உண்ணுதலும் அடக்குதலும் முதலில் மீள்கின்றன, மாறுதலும் கழிப்பறை செல்லுதலும் அடுத்து வருகின்றன, உடுத்தலும் குளித்தலும் கடைசியில்தான் திரும்புகின்றன என்ற ஒழுங்கையும் அவர்கள் கண்டனர். குழந்தை இத்திறன்களைப் பெறும் வரிசையை அது ஒத்திருந்தது. மீட்சிக்கும் ஒரு படிமுறை உண்டு என்று காட்டிய இக்கண்டுபிடிப்பே, முதியோர் மருத்துவம் பெற்ற பேறுகளுள் தலையாயது எனத் தயங்காமல் சொல்லலாம்.

பின்னர் வந்தவை இதே வழியில் நடந்தன. 1993இல் இங்கிலாந்தில் பார்க்கர், பாமர் இருவரும் வகுத்த நடமாட்ட மதிப்பெண், விழுவதற்கு முன் வீட்டுக்குள்ளும் வெளியிலும் கடைக்கும் போய்வர முடிந்ததா என்பதை மட்டுமே கேட்டு, ஒன்பதுக்கு மதிப்பெண் இட்டு, ஓராண்டில் உயிர்பிழைக்கும் வாய்ப்பைக் கணித்தது. 2008இல் வந்த நாட்டிங்ஹாம் மதிப்பெண், வயது, ஹீமோகுளோபின், பிற நோய்கள் ஆகியவற்றோடு நினைவாற்றலையும் முதியோர் இல்லவாசத்தையும் சேர்த்து, முப்பது நாள் இறப்பு அபாயத்தை மதிப்பிட்டது.

இவ்வளவுகோல்கள் கேட்கும் முதன்மையான செய்தி எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை. அது உடன் வாழ்வோரிடமே இருக்கிறது. ஆகவே விழுந்த முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோர், விழுவதற்கு முந்தைய வாரத்தில் அவர் தாமாகவே எவற்றைச் செய்துவந்தார் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.